சூப்பர் மார்க்கெட் சுவரில் வீரம்மா

எழுதச் சொன்னது மூன்று கட்டடங்களைப் பற்றி. குன்னூரில் எங்கள் வாசகர் வட்டம் ஆண்டுமலர் போடுகிறது. அதைத் தொகுக்கும் எட்மண்ட் சார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அவர் என்னைக் கூப்பிட்டு, "ஜெகதீசன், பைன்வியூ சூப்பர் மார்க்கெட்டோட மூணு கடையிலயும் மேனேஜரா இருந்தவர் நீங்க ஒருத்தர்தான். அந்தக் கட்டடமெல்லாம் முன்னாடி என்னவா இருந்துச்சு, இப்ப என்னவா இருக்குதுன்னு நாலு பக்கம் எழுதிக் குடுங்க" என்றார். நானும் பெரிய மனுஷன் மாதிரி தலையாட்டிவிட்டு வந்தேன். எழுத உட்கார்ந்தால் கட்டடம் வரவில்லை, வீரம்மாதான் வருகிறார்.

வீரம்மா கோத்தகிரி சாலையில் உள்ள ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிற பெண். அவர் திருடவில்லை. திருடினார் என்று சொன்னவன் நான். திருடவில்லை என்று மூன்றே நாளில் தெரிந்துகொண்டு, பதினைந்து வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தவனும் நான்தான். கட்டடத்துக்கு ஒன்றிரண்டு வரி சொல்லிவிட்டு இந்த விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். இல்லாவிட்டால் வழக்கம்போல நழுவிவிடுவேன்.

ஊட்டிக் கடை சேரிங் கிராஸிலிருந்து இறங்குகிற வழியில் இருந்தது. எங்களுக்கு முன்னால் அது கம்பளிக் கடை. இப்போது கீழே சாக்லேட் விற்கிறார்கள், மேலே பேய் வீடு. டிக்கெட் வாங்கிக்கொண்டு ஐந்து நிமிஷம் இருட்டில் கத்திவிட்டு இறங்க வேண்டியது. நாங்கள் உளுத்தம்பருப்பு அடுக்கிய இடத்தில் ஒரு பிளாஸ்டிக் எலும்புக்கூடு தொங்குகிறது. எங்கள் முதலாளி லிங்கசாமி உயிரோடிருந்திருந்தால் அந்த எலும்புக்கூட்டையே நிறுத்திவைத்து வாடகை கேட்டிருப்பார்.

கோத்தகிரிக் கடை எங்களுக்கு முன்னால் ஒரு பஸ் கம்பெனியின் ஷெட். இப்போது உடற்பயிற்சிக் கூடம். சுவரில் நாங்கள் எழுதிவைத்த "எண்ணெய் வகைகள்" என்ற எழுத்து வெள்ளையடித்த பிறகும் லேசாகத் தெரிகிறது. அதற்கு நேர் கீழே நின்று வாலிபர்கள் கண்ணாடியில் தங்கள் தோளைத் தாங்களே பார்த்துக்கொள்கிறார்கள். அங்கேயும் போய் நின்று, குறிப்பெடுத்து, நல்லபிள்ளையாகத் திரும்பி வந்தேன்.

மூன்றாவது, குன்னூர்க் கடை. ஊருக்குள்ளேயே பெட்ஃபோர்டு என்கிற இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் தேயிலைக் கிடங்காக இருந்த கட்டடம். நாங்கள் எடுத்து டைல்ஸ் ஒட்டி ரேக் போட்ட பிறகும் மழைக்காலத்தில் சுவரிலிருந்து தூள் வாசனை வரும். இரண்டாயிரத்துப் பதினெட்டில் மூன்று கடைகளையும் மூடிவிட்டோம். இந்தக் கட்டடம் மட்டும் ஐந்தாறு வருஷம் பூட்டியே கிடந்தது. போன வருஷம் கீர்த்திவாசன் என்ற கோயமுத்தூர்க்காரர் எடுத்து காபிக் கடை நடத்துகிறார். இருபத்தெட்டு வயசு, மரியாதையான ஆள். பழைய சூப்பர் மார்க்கெட்டாகவே தெரிய வேண்டும் என்று எங்கள் தள்ளுவண்டிகளை அறுத்து நாற்காலியாக்கியிருக்கிறார். எங்கள் பில் மிஷின்கூட ஒரு மூலையில் அலங்காரமாக உட்கார்ந்திருக்கிறது.

"அங்கிள், நீங்க இங்க மேனேஜரா இருந்தீங்களா! வாங்க, வாங்க. எங்க கடையோட ஹைலைட்டப் பாருங்க" என்று அவர் என்னைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.

உள்சுவரில், கண்ணாடி போட்ட பெரிய சட்டத்துக்குள், மஞ்சள் விளக்கு வெளிச்சத்தில் அது மாட்டியிருந்தது. பலகையின் மேல் "இவர்களைக் கடைக்குள் அனுமதிக்காதீர்" என்று சிவப்பில் எழுதியிருந்தது. என் கையெழுத்து. கீழே பதினோரு புகைப்படங்கள். இரண்டாவது வரிசையில் மூன்றாவது, வீரம்மா.

சுற்றுலா வந்த ஒரு பெண் அதன் கீழே நின்று, வேண்டுமென்றே திருட்டு முழி முழித்து, தன் சிநேகிதியைப் படம் எடுக்கச் சொன்னாள். சிரித்துக்கொண்டே எடுத்தார்கள். "சனி, ஞாயிறுல இதுக்குன்னே வர்றாங்க அங்கிள். மாடியில ஒரு பீரோவுக்குப் பின்னாடி கெடந்துதுங்க. தூக்கிப் போடப் பார்த்தாங்க, நான்தான் விடல" என்றார் கீர்த்திவாசன். நான் என்ன செய்தேன்? காபி குடித்தேன். நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். எழுந்து வந்துவிட்டேன். பதினைந்து வருஷத்தில் எனக்கு வந்த புத்தி அவ்வளவுதான்.

அந்தப் பலகை எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். சாமானைத் தானே எடுத்துக்கொள்ளும் கடை அப்போது இந்த மலைக்குப் புதுசு. எடுக்கிறவர்களில் இரண்டு பேர் பில் போடாமல் எடுக்கத்தான் செய்வார்கள். பிடிபட்டால் படம் எடுத்து வாசலுக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுவது எங்கள் வழக்கம். கடைப் பிள்ளைகள் அதை "குடும்ப ஆல்பம்" என்று கேலி செய்வார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன். ஆனால் அந்த ஆல்பத்தில் கோட்டு போட்டவர் ஒருவர்கூட இல்லை. ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி ஒருவர் சட்டைப் பையில் ஷேவிங் பிளேடோடு வாசலைத் தாண்டியபோது, "மறந்துட்டீங்க போலிருக்குது சார்" என்று நானே பல்லைக் காட்டி வாங்கி வைத்தேன். பலகையில் இருந்த பதினோரு பேரும் தோட்டத்து ஆட்களும் கூலிக்காரர்களும்தான்.

வீரம்மா பிடிபட்டது இரண்டாயிரத்துப் பத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஒன்பது வயசு மகள் சுகுணாவுடன் வந்திருந்தார். நல்ல சேலை, தலையில் ஒரு துண்டு பூ. தேயிலைத் தூள் ரேக்குக்கு முன்னால் நின்று ஒரு பாக்கெட்டின் வாயைப் பிரித்து, ஒரு சிட்டிகையை உள்ளங்கையில் கொட்டி, ஊதி, விரலால் தேய்த்து, முகர்ந்து பார்த்திருக்கிறார். பிடிக்கவில்லை. பாக்கெட்டை மறுபடி மடித்து இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு அடுத்ததைப் பிரித்திருக்கிறார். நான்காவது பாக்கெட்டில்தான் கடைப் பெண் பார்த்துவிட்டுக் கத்தினாள். நான் ஓடினேன்.

"ஏம்மா, என்ன பண்ணிட்டு இருக்கறே?" என்றேன். என்னைவிட ஏழெட்டு வயசுதான் இளையவர். ஆனாலும் நான் 'நீ' என்றுதான் கூப்பிட்டேன்.

"தூளு பாக்குறேங்க. இது சரியில்லீங்களே" என்றார், ஏதோ எனக்கு உதவி செய்கிற மாதிரி.

அவர் பையை வாங்கிப் பார்த்தேன். அடியில் ஒரு சின்ன பொட்டலம் நிறையத் தேயிலைத் தூள் இருந்தது. பாக்கெட்டுகளைப் பிரித்துக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் சேர்த்திருக்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டேன். "ஐயோ, இது எங்க ஃபேக்டரித் தூளுங்க. மாசாமாசம் எங்களுக்குக் குடுக்குறது. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாக்கத்தான் கொண்டாந்தேன். இதப் பாருங்க, அதப் பாருங்க" என்று இரண்டு கையிலும் தூளை வைத்துக்கொண்டு என் முகத்துக்கு நேரே நீட்டினார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. கடை நிறையக் கூட்டம். என் கடைத் தூளைச் சரியில்லை என்று ஒரு தோட்டக்காரப் பெண்பிள்ளை சொல்வதா?

இதில் எனக்கு மன்னிப்பே கிடையாது என்பதற்கு ஒரு காரணம் சொல்கிறேன். நான் காரமடைக்காரன். பதினாறு வயசிலேயே மளிகைக் கடையில் பொட்டலம் மடித்துத் தொழில் பழகியவன். அந்தக் கடையில் தூள் கேட்டு வருகிற ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் ஒரு சிட்டிகை வைப்பது என் வேலை. வைக்காமல் கட்டிக்கொடுத்தால் சண்டைக்கு வருவார்கள். அந்தப் பெண் செய்தது என்ன என்று அந்தக் கடையிலேயே எனக்கு மட்டும்தான் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தும்தான் இருந்தது. ஆனால் கழுத்தில் டை கட்டியிருந்தேன் அல்லவா, மளிகைக் கடை ஞாபகம் எப்படி வரும்?

அவரை வாசலில் ஸ்டூலில் உட்காரவைத்துப் படம் எடுத்தேன். அவர் அழவில்லை. அந்தக் குழந்தைதான் தேம்பிக்கொண்டே இருந்தது. அதைப் பார்த்து எனக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. ஒரு சாக்லேட்டை எடுத்து அதன் கையில் வைத்து, தலையைத் தடவி, "நீ நல்ல புள்ள. நல்லாப் படிக்கோணும். அம்மாவாட்டக் கை நீளக் கூடாது, என்ன?" என்றேன். குழந்தை தலையாட்டியது. எவ்வளவு நல்ல மனசு எனக்கு என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் வீரம்மாவின் கணவர் முத்துவேல் வந்தார். தொழிற்சாலையில் மாதாமாதம் தொழிலாளர்களுக்குத் தூள் கொடுப்பதற்கான சீட்டைக் கொண்டுவந்திருந்தார். முத்திரை இருந்தது, தேதி இருந்தது, அவர் மனைவி பெயர் இருந்தது. "படத்த மட்டும் எடுத்துருங்க சார். வேற ஒண்ணும் கேக்கல" என்றார். முதலாளியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டு, கிடங்கு அறைக்குப் போய் அந்தப் பாக்கெட்டுத் தூளில் ஒரு சிட்டிகையை ஈரக் காகிதத்தில் தூவினேன். நல்ல தூள் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கறை விடும். இது வைத்த கையோடு செங்கல் நிறத்தில் ஓடியது. சாயம். விலை குறைவு என்று அந்த வியாபாரியைப் புதிதாகப் பிடித்து வந்தவன் நான். அதற்காக முதலாளி என் முதுகில் தட்டிக்கொடுத்திருந்தார்.

பாக்கெட்டுகளை ஓசைப்படாமல் திருப்பி அனுப்பினேன். படத்தை எடுக்கவில்லை. எடுத்தால் ஏன் எடுத்தாய் என்று கேட்பார்கள். கேட்டால் சாயத்தைச் சொல்ல வேண்டும். சாயத்தைச் சொன்னால் என் வேலை போகும். எனக்குக் கல்யாண வயசில் பெண் இருந்தாள், வீட்டுக் கடன் இருந்தது. எல்லாக் கோழைகளுக்கும் இருக்கிற காரணங்கள் எனக்கும் இருந்தன. முத்துவேல் இன்னும் இரண்டு ஞாயிறு வந்தார். கடைசி முறை நான் இல்லை என்று சொல்லச் சொல்லிவிட்டு அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அரை மணி நேரம் காத்திருந்துவிட்டுப் போனார். அதற்கப்புறம் வரவில்லை. படம் மட்டும் கடை மூடுகிறவரை வாசலில் இருந்தது.

காபிக் கடையில் அந்தச் சட்டத்தைப் பார்த்து வந்த பிறகு ஐந்து நாள் பொறுத்தேன். ஆறாம் நாள் காலையில் கடை திறக்கும்போதே போய்விட்டேன். கீர்த்திவாசனை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகத்தில் மரியாதை குறைந்துகொண்டே வந்தது. அப்பா ஸ்தானத்தில் வைத்திருந்த ஆளை அவர் இப்போது எந்த இடத்தில் வைப்பது என்று தெரியாமல் பார்த்தார்.

"இந்த அம்மா உயிரோட இருக்காங்களா அங்கிள்?" என்று கேட்டார்.

"தெரியலீங்க" என்றேன். அது பொய்யில்லை. ஒரு நாள்கூட நான் விசாரிக்கவில்லை.

அவர் எழுந்து போய் ஸ்டூல் போட்டு ஏறிச் சட்டத்தைக் கழற்றினார். வீரம்மா படத்தை மட்டும் எடுத்துவிடட்டுமா என்று கேட்கவேயில்லை. பலகை முழுவதையும் உரித்துப் படங்களை ஒரு கவரில் போட்டு என் கையில் கொடுத்தார். "மிச்சம் பத்துப் பேரும் நெசமாவே திருடுனாங்களான்னு உங்களுக்குத் தெரியுங்களா?" என்று கேட்டார். தெரியாது. அந்தக் கேள்வி எனக்கு அதுவரை தோன்றியதுகூட இல்லை.

வீரம்மாவைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. பதினைந்து வருஷமும் பஸ்ஸில் இருபது நிமிஷ தூரத்தில்தான் இருந்திருக்கிறார். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் கடைசி வீடு. வாசலில் டப்பாக்களில் ஜெரேனியம் வைத்திருந்தார். தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. ஆனாலும் முகத்தில் ஒன்றும் காட்டாமல், "வாங்க, உள்ளுக்கு வாங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார். முத்துவேல் படத்துக்கு மாலை போட்டிருந்தது. நாலு வருஷமாயிற்றாம். அரிசி மூட்டைக்குப் பின்னால் நின்றவன் இப்போது அவர் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அவர் வீட்டு டம்ளரில் குடித்துக்கொண்டிருந்தேன்.

உடனே விஷயத்தைச் சொல்ல வாய் வரவில்லை. அவரைப் பற்றிக் கேட்டேன். அவரும் சொன்னார். இலங்கையில் பதுளைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். ஏழு வயசில், எழுபத்து நாலில், குடும்பத்தோடு கப்பல் ஏற்றி ராமேஸ்வரத்தில் இறக்கினார்களாம். மண்டபம் முகாமில் எட்டு மாதம் இருந்துவிட்டு லாரியில் இந்த மலைக்கு வந்திருக்கிறார்கள். "அங்க இந்தியாக்காரின்னாங்க. இங்க வந்தா சிலோன்காரின்னாங்க. எந்தூருன்னு கேட்டா நானு ஃபேக்டரின்னு சொல்லிருவேன்" என்று சிரித்தார். பதினைந்து வயசில் கொழுந்து பறிக்கப் போனவர், பத்து வருஷம் கழித்துத் தொழிற்சாலைக்குள் தூள் பிரிக்கிற இடத்துக்கு மாறியிருக்கிறார். எந்தச் சல்லடையில் எந்தத் தூள் விழுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாராம். தூள் தயாரிப்பைக் கவனிக்கிற டீமேக்கருக்கே சந்தேகம் வந்தால் வீரம்மாவைக் கூப்பிடு என்பாராம். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் கழித்துத்தான் சுகுணா பிறந்திருக்கிறாள். வீரம்மாவுக்கு வருகிற வருஷம் ஓய்வு.

"அன்னைக்குக்கூட சுகுணாதாங்க கேட்டா, அந்தப் பெரிய கடைய உள்ளுக்குப் போயிப் பாக்கணும்னு" என்றார். அன்றைக்கு என்றால் என்றைக்கு என்று நாங்கள் இரண்டு பேரும் சொல்லிக்கொள்ளவில்லை. "போனேன். பாக்கெட்டுல நீலகிரித் தூளுன்னு போட்டிருந்துது. கையில போட்டுப் பாக்காம தூளு வாங்குவாங்களாங்க? எனக்குத் தெரிஞ்சு யாரும் வாங்குனதில்ல. பாக்கெட்டப் பிரிச்சா தப்புன்னு எனக்குத் தெரியாது."

அப்புறம்தான் நான் சொன்னேன். மூன்றாம் நாளே எனக்குத் தெரியும் என்று சொன்னேன். சாயத்தைச் சொன்னேன். முத்துவேல் வந்தபோது மூட்டைக்குப் பின்னால் நின்றதைச் சொன்னேன். காபிக் கடைச் சுவரைச் சொன்னேன். படத்தை எடுத்து அவர் முன்னால் வைத்து, "நான் பண்ணுனது பெரிய பாவமுங்க. என்னை மன்னிச்சிருங்க" என்று கும்பிட்டேன்.

அவர் படத்தை எடுத்துப் பார்த்தார். "இந்தச் சேல அவரு எடுத்துக் குடுத்தது" என்றார். அப்புறம் படத்தைத் திருப்பி என் பக்கமே வைத்தார்.

"இத எங்கிட்ட எதுக்குங்க சொல்றீங்க?" என்றார். குரல் உயரவில்லை. "நானு திருடலன்னு எனக்குத் தெரியாதுங்களா? தெரியாதவங்ககிட்ட போயிச் சொல்லுங்க."

"யாருகிட்டச் சொல்லோணும், சொல்லுங்க. லயத்துல எல்லாரையும் கூப்பிட்டு வேணும்னாலும் சொல்றேன்."

"நானு திருடுனேன்னு லயத்துல யாரும் நம்பலீங்க. எல்லாருந்தானே தூளக் கையில போட்டுப் பாக்குறாங்க. அவங்களுக்குத் தெரியும்." டம்ளரை எடுத்துக் கீழே வைத்தார். "என் மகளுக்குத்தாங்க தெரியாது."

நான் விளங்காமல் பார்த்தேன்.

"சுகுணா அன்னையிலருந்து இன்னைக்கி வரைக்கும் அதப் பத்தி ஒரு வார்த்த கேட்டதில்லீங்க. படிச்சா, வேலைக்குப் போனா, கல்யாணம் முடிச்சா. நல்ல புள்ள. மாசம் ஒருவாட்டி வந்து பாத்துட்டுப் போறா. ஆனா எங்கூட கடைக்கு மட்டும் வரமாட்டா. கேட்டிருந்தா சொல்லியிருப்பேங்க. கேக்காத புள்ளகிட்ட நானாப் போயி, அம்மா திருடலடீன்னு சொல்லணுமா? அது என்னால முடியல."

அவர் அழுதார். படம் எடுத்தபோது அழாதவர் இப்போது முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். நான் அந்தக் குழந்தையிடம் சொன்னதை அவர் அன்றைக்குக் கேட்டாரா என்று கேட்கத் தைரியம் வரவில்லை. கேட்டிருக்கத்தான் வேண்டும். பக்கத்து ஸ்டூலில்தான் உட்கார்ந்திருந்தார். மகள் வேலை பார்க்கிற இடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு எழுந்தேன்.

சுகுணா குன்னூரை அடுத்த வெலிங்டனில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். மறுநாள் மூன்றரை மணிக்கு வாசலில் போய் நின்றேன். குழந்தைகளை எல்லாம் வண்டி ஏற்றிவிட்ட பிறகு குடையும் பையுமாக வெளியே வந்தாள். அம்மாவின் நெற்றி, அம்மாவின் நடை. "நான் பைன்வியூ சூப்பர் மார்க்கெட்டுல மேனேஜரா இருந்தவனுங்க" என்றேன்.

"தெரியும் சார்" என்றாள். அந்த இடத்திலேயே நின்றுவிட்டாள். "சாக்லேட் குடுத்தீங்க."

பள்ளிக்கூட மதிலோரம் நின்றுகொண்டே சொன்னேன். இந்த முறை சுற்றிவளைக்கவில்லை. உங்கம்மா திருடவில்லை, அது அவர் தொழிற்சாலைத் தூள், எங்கள் பாக்கெட்டில்தான் சாயம் இருந்தது, எனக்கு அது தெரியும், தெரிந்தும் பயந்துகொண்டு படத்தை எடுக்கவில்லை என்று வரிசையாகச் சொன்னேன். அவள் குறுக்கே பேசவில்லை. பிள்ளைகள் பாடம் ஒப்பிப்பதைக் கேட்கிற மாதிரி தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏன் சார் அப்பவே சொல்லல?" என்றாள்.

"பயமுங்க."

"எனக்கு ஒம்போது வயசு சார்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நீங்க சொன்னதை நல்ல வார்த்தைன்னு நெனச்சுட்டேன் சார். இவ்வளவு பெரிய கடையில, டை கட்டுன ஒருத்தர், என்னை நல்ல புள்ளன்னு சொல்லிட்டாருன்னு. அம்மா மாதிரி ஆகக் கூடாதுன்னு நெனச்சு நெனச்சுத்தான் படிச்சேன். ஹாஸ்டல்ல யாராவது எதையாவது காணோம்னு சொன்னா நான்தான் மொதல்ல என் பையக் கொட்டிக் காட்டுவேன்." பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "போன வருஷம் எனக்குக் கல்யாணம் சார். மண்டபத்துல நகைப் பைய பொண்ணோட அம்மாதான மடியில வச்சிருப்பாங்க? மேடைக்குப் போறதுக்கு முன்னாடி அம்மா எங்கிட்ட வந்து கைய நீட்டுனாங்க. நான் பாக்காத மாதிரி சித்தி கையில குடுத்துட்டேன்."

தூறல் விழ ஆரம்பித்தது.

"அந்த நகையே அவங்க பி.எஃப். பணத்துல எடுத்தது சார். நாப்பது வருஷம் வேலை செஞ்ச பணம். நீட்டுன கைய எடுத்து முந்தானைக்குள்ள வச்சுக்கிட்டாங்க. ஏன்னு ஒரு வார்த்தை கேக்கல. நல்லபடியா சிரிச்சுக்கிட்டேதான் நின்னாங்க."

மேலே சாலையில், அவள் அம்மாவின் லயத்துப் பக்கம் போகிற கோத்தகிரி பஸ் வருகிற சத்தம் கேட்டது. அவள் வீடு எதிர்ப்பக்கம். குடையை விரிக்காமலேயே மழையில் ஓடிப்போய் அந்த பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி ஏறிக்கொண்டாள். அவள் அம்மா மாதிரியே, என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை.